வண்டிக்கும் ஒரு பங்கு

படகு கரைக்கு வந்த பிறகு பழவேற்காட்டில் பணம் எப்படிப் பிரிகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மீன் விற்ற காசில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாடு கழியும். அப்புறம் படகுக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு என்று பங்கு எடுத்து வைப்பார்கள். மிச்சம்தான் ஆட்களுக்கு. படகுக்காரரே தொழிலுக்குப் போயிருந்தாலும் அவருடைய ஆள் பங்கு வேறு, படகின் பங்கு வேறு; இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளமாட்டார். ஆனால் அதே வீட்டுப் பிள்ளை கடலை விட்டுவிட்டு ‘குட்டி யானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைத் தவணையில் எடுத்து இறால் பெட்டி ஏற்ற ஆரம்பித்தால், வந்த வாடகை அப்படியே சட்டைப் பைக்குள் போகிறது. டீசலுக்கு மட்டும் அதிலிருந்து எடுப்பார். வண்டிக்குப் பங்கு கிடையாது.

அப்படி ஒரு தம்பிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய குறை எளிமையானது: “வண்டி ஓடிக்கிட்டேதான்ணே இருக்கு. கையில ஒண்ணும் நிக்கல.”

“நேத்து எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு தம்பி?”

“காசிமேட்டுக்கு ஒரு ட்ரிப்புண்ணே.”

யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வருகிறது. வாடகை ட்ரிப்புக்குப் பேசப்படுவதால் கணக்கும் ட்ரிப்போடு நின்றுவிடுகிறது. டயரும் ஆயிலும் கிளட்சும் ட்ரிப்பைப் பார்த்துத் தேய்வதில்லை. கிலோமீட்டரைப் பார்த்துத் தேய்கின்றன. சென்னையில் இருக்கிற காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போனதைச் சொன்னவர் திரும்பி வந்ததைச் சொல்லவில்லை. ஐஸ் எடுக்கப் போனது, பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்தில் நாலு பெட்டி, கோட்டைக்குப்பத்தில் ஆறு பெட்டி என்று துறை துறையாகச் சுற்றியது எதுவும் அவர் கணக்கில் இல்லை. கேட்டால் “அது பக்கம்தானே” என்பார். மீட்டருக்குப் பக்கம், தூரம் என்றெல்லாம் தெரியாது.

ஒரு பேச்சுக்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். அவரவர் வண்டிக்கு அவரவர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். போக 52 கிலோமீட்டர், வர 52, ஐஸுக்கும் பெட்டி சேர்க்கவும் 16. மொத்தம் 120. வாடகை 2,200 ரூபாய். வியாபாரி என்ன சொல்வார்? “52 கிலோமீட்டருக்கு 2,200 குடுக்கிறேன், கிலோமீட்டருக்கு நாப்பது ரூபாய்க்கு மேல ஆச்சு, இன்னும் என்ன வேணும்?” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை, அவருடைய சரக்கு ஓடிய தூரம் அவ்வளவுதான். வண்டி ஓடியது 120 என்பதால் வண்டிக்காரருக்குக் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் சொச்சம்தான் வந்திருக்கிறது.

இனிச் செலவு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி என்றால் 8 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் 736. இதுவரை எல்லோரும் போடுகிற கணக்கு. அடுத்து யாரும் போடாதது. நாலு டயரும் சேர்ந்து 16,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் ஓடும் என்றால் கிலோமீட்டருக்கு 40 காசு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர், சர்வீஸ் எல்லாம் 5,000 என்றால் 50 காசு. பிரேக், கிளட்ச், பேட்டரி, வெல்டிங் வேலைக்கு 60 காசு. ஆக ஒன்றரை ரூபாய். 120 கிலோமீட்டருக்கு 180. டோல், மார்க்கெட் செலவு, ராத்திரிச் சாப்பாடு என்று 150 வைப்போம். எல்லாம் போக ஒரு ட்ரிப்பில் நிற்பது 1,134.

தம்பிக்கு முகம் மலர்ந்தது. ஆயிரத்துக்கு மேல் என்றால் மோசமில்லையே? பொறுங்கள், மாதச் செலவு இன்னும் வரவில்லை. டியூ 12,000. இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு 30,000 என்றால் மாதம் 2,500. எஃப்.சி., ரோடு டாக்ஸ், புகைச் சான்று எல்லாம் சேர்த்து மாதம் 500. வண்டி வீட்டு வாசலில் தூங்கினாலும் இந்த 15,000 ஓடிக்கொண்டிருக்கும். ட்ரிப்புக்கு 1,134 என்றால் மாதத்தின் முதல் 13 ட்ரிப்பும் இதற்கே சரியாகப் போகிறது. பதினாலாவது ட்ரிப்பில்தான் ஓட்டுகிறவருக்கு நாலு காசு. மாதம் 20 ட்ரிப் அடித்தால் 7,680. அடிக்க முடிந்தது 12 ட்ரிப்தான் என்றால் 1,392 ரூபாய் நஷ்டம். அந்த மாதமும் டீசலும் வாடகையும் கையில் புரண்டிருக்கும். நஷ்டம் என்று தெரியவே தெரியாது. அடுத்த டயர் மாற்றுகிற அன்றைக்குத்தான் தெரியும், அன்றைக்கு வட்டிக்கு வாங்குவார்.

டியூ முழுவதையும் செலவாகப் போடலாமா என்று ஆடிட்டர் கேட்பார். வட்டிதான் செலவு, அசலைக் கட்டக் கட்ட வண்டி உங்கள் சொத்தாகிறது என்பார். ஏட்டுப்படி அதுதான் சரி. ஆனால் உப்புக்காற்றில் நிற்கிற வண்டிக்கு டியூ முடியும்போது என்ன விலை கிடைக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தேய்மானத்துக்குப் பதிலாக டியூவை வைத்துக்கொண்டால் நம் கணக்குக்குப் பெரிய தவறு வராது.

இப்போது நோட்டுக்கு வருவோம். பெரிய வித்தையில்லை. ஒரு நீள நோட்டு, ஒரு பால்பாயின்ட் பேனா. மை பேனா வேண்டாம், இறால் தண்ணீர் பட்டால் பக்கம் முழுவதும் நீலமாகிவிடும். தேதி, கிளம்பும்போது மீட்டர் எண், நிறுத்தும்போது மீட்டர் எண், எங்கே, யார் சரக்கு, பேசிய வாடகை, வந்த பணம், பாக்கி, டீசல் எத்தனை லிட்டர் எவ்வளவு ரூபாய், மற்ற செலவு. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். லோடோடு ஓடியதையும் காலியாக ஓடியதையும் மட்டும் தனித்தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். இந்தத் தொழிலில் பணம் காணாமல் போகிற இடம் காலி ஓட்டம்தான். ரிட்டன் லோடு தேடுகிற புத்தியும் அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். காசிமேட்டில் இருந்து வலையோ எஞ்சின் சாமானோ, செங்குன்றத்தில் இருந்து பொன்னேரிக் கடைகளுக்கு அரிசியோ ஏதாவது 700 ரூபாய்க்கு ஏற்றிக்கொண்டு வந்தால், கொஞ்சம் கூடுதல் டீசல் தவிர மற்றது அப்படியே கைக்கு வருகிறது. ஏனென்றால் அந்தத் தூரத்துக்கு ஏற்கெனவே செலவு செய்தாகிவிட்டது. மீன் நாற்றம் அடிக்கிற தொட்டியில் அரிசி ஏற்ற யார் விடுவார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான், கழுவிவிட்டுத் தார்ப்பாய் விரித்தாலும் சிலர் விடமாட்டார்கள்.

நடுராத்திரியில் ஐஸ் கையோடு எழுத முடியாது என்றால் செல்போனில் மீட்டரைப் படம் எடுங்கள். கிளம்பும்போது ஒன்று, நிறுத்தும்போது ஒன்று. தேதியும் நேரமும் படத்திலேயே பதிந்திருக்கும். மதியம் தூங்கி எழுந்து நோட்டில் ஏற்றிக்கொள்ளலாம். பெட்ரோல் பங்கில் கொடுக்கிற ரசீதையும் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். அந்தக் காகிதம் டாஷ்போர்டு வெயிலில் ஒரு மாதத்தில் வெளுத்துவிடும். ஃபாஸ்டேக் கணக்கு உங்களுக்காக ஏற்கெனவே பாதி டைரி எழுதி வைத்திருக்கிறது: எந்த டோலை எந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் தாண்டினீர்கள் என்று.

மைலேஜ் பார்க்க ஒரே ஒரு முறைதான் நம்பத் தகுந்தது. டேங்கை ஃபுல்லாக நிரப்பி மீட்டர் எண்ணை எழுதுங்கள். அடுத்த முறை மறுபடி ஃபுல் பண்ணும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்து வகுத்துவிடுங்கள். ஐந்நூறுக்குப் போடு, ஆயிரத்துக்குப் போடு என்று அடித்தால் இது ஒருபோதும் தெரியாது. மாதம் ஒருமுறையாவது ஃபுல் டேங்க் அவசியம். 15 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 13 கொடுத்தால், டிரைவர் வைத்து ஓட்டுகிறவர்கள் உடனே டிரைவரைச் சந்தேகப்படுவார்கள். அதற்கு முன்னால் ஓட்டி நிறுத்திய வண்டியின் சக்கரங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்து வண்டிகளுக்கு ஒரு தனி நோய் உண்டு. பெட்டியில் இருந்து ஐஸும் உப்பும் கலந்து ஒழுகுகிற தண்ணீர் அடிச்சட்டத்தை அரித்து, பிரேக்கைத் துருப்பிடிக்க வைக்கும். பிரேக் முழுதாக விடாமல் வண்டி இழுத்துக்கொண்டே ஓடும். மற்ற மூன்றைவிட ஒரு சக்கரம் அதிகமாகச் சுட்டால் டீசல் போகிற இடம் அதுதான். டிரைவர் பாவம்.

வழியையும் நோட்டுதான் சொல்லும். பொன்னேரி, மீஞ்சூர், மணலி வழியாகப் போனால் டோல் இல்லை. ஆனால் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும், ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும். தச்சூர் கூட்டுச் சாலையில் நெடுஞ்சாலை ஏறிச் செங்குன்றம், மாதவரம் என்று போனால் நல்லூர் டோல் உண்டு, ஆனால் வண்டி சீராக ஓடும். இதில் எது லாபம் என்று டீக்கடையில் வருஷக்கணக்காகச் சண்டை நடக்கிறது. ஒரு மாதம் இந்த வழி, ஒரு மாதம் அந்த வழி ஓட்டி டீசலையும் நேரத்தையும் எழுதினால் முடிந்துவிடும். சண்டை முடிவதில் யாருக்கும் அவ்வளவு விருப்பமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நோட்டில் ஓரமாக அமாவாசை, பௌர்ணமியையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். தம்பி சிரித்தார். பழவேற்காடு ஏரியில் இறாலுக்குப் பாடு முறை இருப்பது அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பத்தில் எந்தக் குழு எந்த இடத்தில் எந்த முறைக்கு வலை கட்டும் என்பது குலுக்கலில் முடிவாகித் தலைமுறைகளாகச் சுற்றி வருகிறது. அந்த ராத்திரிகள் நிலாக் கணக்கில் வருகின்றன. அப்படியானால் வண்டியின் லோடும் நிலாக் கணக்கில்தானே வர வேண்டும்? ஒரு வருட நோட்டைப் பிரித்தால் எந்த வாரம் இரண்டு ட்ரிப், எந்த வாரம் காலி என்று பளிச்சென்று தெரியும். காலி வாரத்துக்குச் செங்கல், சவுக்கு, கல்யாணப் பாத்திரம் என்று முன்கூட்டியே வேறு லோடு பேசி வைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. அது ஏரித் தொழிலுக்குப் பொருந்தாது என்றாலும் மார்க்கெட் விலையையும் வண்டி வாடகையையும் புரட்டிப் போடும். முகத்துவாரம் மணல் மூடினால் படகு கடலுக்குப் போகாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அதோடு வந்த எண்ணூர் எண்ணெய்க் கசிவும் இந்தப் பக்கத்து மீனையே வாங்க ஆள் தயங்குகிற நிலையை உண்டாக்கின. வண்டி நின்ற நாளையும் ஏன் நின்றது என்று ஒரு சொல்லோடு எழுதுங்கள். 13 ட்ரிப் கணக்கு எந்த மாதம் உதைக்கும் என்பதை அடுத்த வருடம் முன்னாலேயே சொல்லிவிடலாம்.

“இதெல்லாம் கவர்மென்ட் கேக்குமாண்ணே?” என்று இரண்டாவது டீயில் கேட்டார். கேட்காது. கேட்காததால்தான் யாரும் எழுதுவதில்லை. அமெரிக்காவில் சொந்த லாரி ஓட்டுகிறவர் மாநிலம் தாண்டினால், எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினார், எங்கே எத்தனை காலன் டீசல் போட்டார் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுத்தாக வேண்டும். எரிபொருள் வரியை மாநிலங்கள் ஓட்டத்தை வைத்துப் பிரித்துக்கொள்வதால் இந்த ஏற்பாடு. அந்தப் பதிவுகளை நான்கு வருடம் பத்திரப்படுத்தவும் வேண்டும். அங்கே வாடகையையும் பெரும்பாலும் மைலுக்கு இவ்வளவு என்றே பேசுகிறார்கள். நமக்குப் பெட்ரோல் பங்கில் டீசல் போடும்போதே வரி முடிந்துவிடுகிறது. தடா தாண்டிச் சூலூர்பேட்டைக்கு நண்டு ஏற்றிப் போனாலும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க ஆளில்லை.

வருமான வரியும் நமக்கு விட்டுக்கொடுக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு, பத்து சரக்கு வண்டிக்கு மேல் இல்லாதவர்களுக்கானது. 12 டன்னுக்கு உட்பட்ட வண்டி ஒவ்வொன்றுக்கும் மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று அரசே ஊகித்துக்கொள்ளும். கனரக வண்டி என்றால் டன்னுக்கு 1,000. தவணை முடியாத வண்டியும் உங்கள் வண்டியாகவே கணக்காகும். கணக்குப் புத்தகம் வேண்டாம், தணிக்கை வேண்டாம். 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் இந்த முறை உண்டு, பிரிவு எண் மட்டும் வேறு. ஆக ஒரு குட்டி யானைக்கு வருடம் 90,000. அப்படியே எழுதி ரிட்டர்ன் போட்டால் வரி பூஜ்யம்.

ஆனால் அந்தப் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. உண்மையில் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்ததாக நீங்களே சொன்னால், அந்தக் கூடுதல் தொகைதான் வருமானம். வரி கட்ட வேண்டியவர் யார் போய்க் கூடுதலாகச் சொல்வார் என்று தோன்றும். புதிய வரி முறையில் 2025-26 முதல் 4 லட்சம் வரை வரியே கிடையாது, 12 லட்சம் வரை தள்ளுபடியில் கழிந்துவிடுகிறது. வருடம் இரண்டரை லட்சம் சம்பாதிக்கிறவர் அதை அப்படியே எழுதினாலும் கட்ட வேண்டியது பூஜ்யம்தான். 90,000 என்று எழுதுவதில் மிச்சமாவது ஒன்றுமில்லை, போவது நிறைய. இரண்டாவது வண்டிக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் அவர்கள் பார்ப்பது இந்த ரிட்டர்னைத்தான். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ராத்திரி ஓட்டுகிற தொழில் இது. எதிரே வந்தவன் இடித்து ஏதாவது ஆகிவிட்டால், குடும்பத்துக்கான நஷ்டஈட்டை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் போனவரின் வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடும். சொந்தத் தொழில்காரருக்கு வருமானத்தைக் காட்ட ரிட்டர்னைப் போல உறுதியான காகிதம் வேறில்லை. அதில் மாதம் 7,500 என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தால், வீட்டில் மாதம் இருபதாயிரம் கொடுத்தார் என்று மனைவி சொல்வதை நிரூபிப்பது கஷ்டம். எவ்வளவு கூடுதலாக எழுதுவது? வாய்க்கு வந்ததை எழுத முடியாது. மறுபடி அந்த நீள நோட்டுதான்.

மற்ற காகிதங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்.சி. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. இது தெரியாமல் ‘பர்மிட் எடுத்துத் தருகிறேன்’ என்கிற ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள். ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தாலே சோதனையின்போது செல்லும். ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஓட்டுகிறவர்கள், பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று பான் எண்ணோடு ஒரு உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டால் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்கமாட்டார்கள். கொடுக்காமல் விட்டுவிட்டு, பிடித்த பணத்தைத் திரும்ப வாங்க அலைகிறவர்கள் உண்டு.

“வாடகைய ஏத்திக் கேட்டா வியாபாரி வேற வண்டியப் பிடிச்சிடுவாரேண்ணே” என்றார் கடைசியாக. பிடிக்கலாம். ‘கட்டுப்படியாகலை’ என்று எல்லா வண்டிக்காரரும்தான் சொல்கிறார்கள், அவர் காது மரத்துப் போயிருக்கும். நோட்டைக் காட்டி 52 இல்லை 120 என்று சொன்னால் உட்கார்ந்து கேட்பார், உடனே ஏற்றிக் கொடுப்பாரா என்பது வேறு. அதனால் வாடகையில் கைவைக்காமல் அந்த 16 கிலோமீட்டரில் கைவைக்கச் சொன்னேன். பெட்டிகளைத் துறை துறையாகப் போய் எடுப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் 16 கிலோமீட்டர் 8 ஆகும். டீசலும் தேய்மானமும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய்க்கு மேல் போகிறது. ட்ரிப்புக்கு 60 ரூபாய், 20 ட்ரிப்புக்கு 1,200. வியாபாரிக்கும் இதில் மறுப்புச் சொல்ல அதிகமில்லை: அவருடைய இறால் அரைமணி நேரம் முன்னதாகக் காசிமேடு போய்ச் சேரும், ஏலத்தில் முதல் வரிசையில் நிற்கும்.